வாசலைப் பார்த்துப் பெயரிடுதல்: புதைபடிவ டைனோஃபிளாஜெல்லேட் சிற்றினம் ஒன்று விவரிக்கப்படும் விதம்

நாற்பது மைக்ரான் குறுக்களவுள்ள பொருள் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கும். நுண்ணோக்கியின் கீழ் அது இளம்பழுப்பு நிறத்தில், மெல்லிய சுவருள்ள ஓர் உருண்டையாகத் தெரிகிறது. உருண்டையைச் சுற்றிலும் முட்கள் நிற்கின்றன. ஒவ்வொரு முள்ளின் நுனியும் மூன்றாகப் பிரிந்து, பிரிந்த ஒவ்வொரு கிளையும் மீண்டும் சிறு கவட்டையாக முடிகிறது. முதன்முறை பார்ப்பவரின் கண் முட்களிலேயே நின்றுவிடும். பழகியவரோ குவியத்தை மேலும் கீழும் திருகி, அந்த உருண்டையில் எங்கேனும் ஒரு துண்டு பெயர்ந்து வாசல் விழுந்திருக்கிறதா என்று தேடுவார். இந்தத் தேடலுக்கு என்ன காரணம், அது முடிந்த பிறகு சிற்றினம் எப்படி விவரிக்கப்பட்டுப் பெயர் பெறுகிறது என்பதை, ஸ்பினிஃபெரைட்டெஸ் ராமோசஸ் என்ற சிற்றினத்தை முன்வைத்து இங்கே பார்க்கலாம். மேலே விவரித்த உருண்டை அதுதான்.

முதலில் இந்த உயிரி எது என்று தெரிய வேண்டும். டைனோஃபிளாஜெல்லேட்டுகள் கடலிலும் நன்னீரிலும் வாழும் ஒருசெல் உயிரிகள். அவற்றுக்கு இரண்டு கசையிழைகள் உண்டு. ஒன்று உடலின் நடுவே அரைஞாண் போலச் சுற்றிவரும் பள்ளத்தில் கிடந்து துடிக்கிறது, மற்றொன்று வயிற்றுப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் இன்னொரு பள்ளத்தின் வழியே பின்னோக்கி நீள்கிறது. இரண்டும் சேர்ந்து இயங்குவதால் செல் சுழன்றபடி நீந்துகிறது. பெயரின் முன்பகுதி சுழற்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குறுக்கே ஓடும் பள்ளத்தை இனி அரைப்பள்ளம் என்றும், நெடுக்கே ஓடுவதைச் சால் என்றும் குறிப்பிடுகிறேன். உழவுச்சாலை நினைத்துக்கொண்டால் இரண்டாவது மனதில் நிற்கும்.

இவற்றுள் பல, செல்லுலோஸ் தகடுகளை ஒன்றோடொன்று பொருத்திய கவசம் ஒன்றை அணிந்திருக்கின்றன. செல் இறந்ததும் அந்தக் கவசம் விரைவில் சிதைந்துவிடுகிறது. பாறையில் நமக்குக் கிடைப்பது அதுவன்று. சில சிற்றினங்களில், பாலினப் பெருக்கத்துக்குப் பிறகு உருவாகும் செல், கவசத்துக்குள்ளேயே தன்னைச் சுற்றித் தடித்த சுவர் ஒன்றை எழுப்பிக்கொண்டு, கடலடிச் சேற்றில் இறங்கி உறங்குகிறது. இந்த உறக்கக் கூட்டைத்தான் சிஸ்ட் என்கிறோம். அதன் சுவர் டைனோஸ்போரின் எனப்படும் மிக உறுதியான கரிமப் பொருளால் ஆனது. சூழல் ஏற்றதாக அமையும்போது உள்ளிருக்கும் செல், சுவரின் குறிப்பிட்ட ஒரு பகுதியைப் பெயர்த்துத் திறந்துகொண்டு வெளியேறிவிடும். வெற்றுக் கூடு சேற்றிலே தங்கி, சேறு பாறையாகும்போது புதைபடிவமாகிறது. இன்று வாழும் டைனோஃபிளாஜெல்லேட் சிற்றினங்களில் பத்து முதல் இருபது விழுக்காடு வரைதான் இத்தகைய நிலைத்த கூடுகளைக் கட்டுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. நாம் வகைப்படுத்துவது உயிரியை நேரடியாக அல்ல. அது காலி செய்துவிட்டுப் போன வீட்டை.

வீட்டை வைத்துக் குடியிருந்தவரை அடையாளம் காண்பதில் அறிவியலுக்கு நூறாண்டுக்கு மேல் சறுக்கியது. 1830-களில் பெர்லினில் கிறிஸ்டியன் காட்ஃபிரீட் ஏரன்பெர்க், கிரேடேசியஸ் காலத்துச் சிக்கிமுக்கிக் கல்லை மெல்லிய சில்லுகளாக உடைத்து, ஒளி ஊடுருவும் அந்தச் சில்லுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தகட்டுக் கோடுகள் தெளிவாக இருந்த சில புதைபடிவங்களை அவர் பெரிடினியம் என்று, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்று, சரியாகவே கண்டுகொண்டார். ஆனால் அதே கல்லில் கிடைத்த முள்ளுருண்டைகளை, நன்னீரில் வாழும் சாந்திடியம் என்ற பச்சைப்பாசியின் உறவினம் என்று கருதிவிட்டார். நம் சிற்றினத்துக்கு அவர் இட்ட பெயர் சாந்திடியம் ராமோசம். 'ராமோசம்' என்றால் கிளைத்தது. அவர் கண்ணும் முட்களில்தான் நின்றிருக்கிறது. இகுவானோடான் என்ற டைனோசாருக்குப் பெயரிட்ட ஆங்கிலேய மருத்துவர் கிடியன் மான்டெல், இவை பாசியல்ல என்று உணர்ந்து 1850-இல் ஸ்பினிஃபெரைட்டெஸ் என்ற தனிப் பேரினப் பெயரைத் தந்தார். அந்தப் பெயருக்கும் 'முள் தாங்கியது' என்பதே பொருள்.

அந்தப் பெயர் ஏறத்தாழ மறக்கப்பட்டது. 1930-களில் ஜெர்மனியின் ஓட்டோ வெட்செல் இவற்றை மீண்டும் ஆராய்ந்து ஹிஸ்டிரிகோஸ்ஃபேரா, அதாவது முள்ளம்பன்றி உருண்டை, என்று அழைத்தார். அடுத்த முப்பது ஆண்டுகள் இவை இன்னதென்று தெரியாத தனிக் கூட்டமாகவே இருந்தன. 1961-இல் அமெரிக்கரான வில்லியம் எவிட் வெளியிட்ட கட்டுரைதான் முடிச்சை அவிழ்த்தது. பல முள்ளுருண்டைகளில் ஒழுங்கான பல்கோண வடிவில் ஓர் ஓட்டை இருப்பதையும், அந்த ஓட்டையின் வடிவமும் இடமும் டைனோஃபிளாஜெல்லேட் கவசத்தின் ஏதோ ஒரு தகட்டோடு பொருந்துவதையும் அவர் காட்டினார். ஓட்டை தற்செயலான உடைப்பாக இருந்தால் ஒவ்வொரு மாதிரியிலும் அதே இடத்தில், அதே எண்ணிக்கையிலான பக்கங்களோடு இருக்காது. அது வெளியேறும் வாசல்; அதற்கு அவர் இட்ட பெயர் ஆர்க்கியோபைல். முட்களின் நிலையும் அப்போது விளங்கியது: அவை கவசத்தின் உட்சுவர் வரை நீண்டு, உள்ளே கூட்டைத் தாங்கி நிறுத்தியவை. பிறகு அதே பத்தாண்டில், உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் டேவிட் வால், பாரி டேல் இருவரும் இன்றைய கடற்சேற்றிலிருந்து உயிருள்ள கூடுகளை எடுத்து வளர்த்தார்கள். ஸ்பினிஃபெரைட்டெஸ் வகைக் கூடுகளிலிருந்து வெளிவந்தவை கோனியாலக்ஸ் என்ற டைனோஃபிளாஜெல்லேட்டின் செல்கள். ஐயத்துக்கு இனி இடமில்லை.

வாசல் எந்தத் தகட்டுக்கு உரியது என்று சொல்வதற்குத் தகடுகளுக்கு முகவரி வேண்டும். அந்த முகவரி முறையை 1900-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சார்லஸ் கோஃபாய்ட் வகுத்தார். செல்லின் உச்சியிலிருந்து அடி வரை தகடுகளை வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு குறி இடுவதே அதன் சாரம். உச்சியைத் தொடும் தகடுகளுக்கு ஒற்றைக் கீற்று (′), அரைப்பள்ளத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் வட்டத்துக்கு இரட்டைக் கீற்று (″), அரைப்பள்ளத்துக்குக் கீழே உள்ளதற்கு மூன்று கீற்று (‴), அடித்தகட்டுக்கு நான்கு கீற்று (⁗). எண்ணிக்கை செல்லின் இடப்பக்கத்தில் தொடங்கி, முதுகு வழியாகச் சுற்றி, வலப்பக்கம் வரை போகும். கோனியாலக்ஸ் சாயல் உள்ளவற்றில் வழக்கமாக உச்சியில் 4, அதன் கீழ் 6, அரைப்பள்ளத்தில் 6, அதற்குக் கீழ் 6, அடியில் 1 என்று அமைந்திருக்கும். இடையில் செருகிய சிறு தகடு ஒன்றும் உண்டு.

கூட்டில் தகடுகள் கிடையாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கூட்டின் சுவர் ஒரே தோல். ஆனால் கவசத்துக்குள் உருவானதால் கவசத்தின் தகட்டெல்லைகள் அதன்மேல் வரப்புகளாகவோ முட்களின் வரிசையாகவோ பதிந்திருக்கும். வயல்வெளியை மேலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்: பயிர் இல்லாவிட்டாலும் வரப்பு இருந்தால் எத்தனை வயல்கள் என்று எண்ணிவிடலாம். ஸ்பினிஃபெரைட்டெஸில் முட்கள் மூன்று வரப்புகள் கூடும் மூலைகளில் எழுகின்றன. நுனி மூன்றாகப் பிரிவதும் அதனால்தான், கிளைகள் மூன்று வரப்புகளின் திசையில் போகின்றன. அதன் வாசல் 3″ என்ற ஒற்றைத் தகட்டுக்கு உரியது. அது முதுகின் நடுவே, அரைப்பள்ளத்துக்குச் சற்று மேலே, குழந்தைகள் வரையும் வீட்டின் முகப்பைப் போல ஐந்து பக்கங்களோடு இருக்கும்.

இதோடு ஒப்பிட ஏரன்பெர்க் அதே காலத்தில் பெயரிட்ட இன்னொரு முள்ளுருண்டை இருக்கிறது. அவர் அதையும் சாந்திடியத்திலேயே சேர்த்து, குழாய்போன்ற முட்களுக்காக டியூபிஃபெரம் என்றார். இன்று அது ஹிஸ்டிரிகோஸ்ஃபேரிடியம் டியூபிஃபெரம். அதன் முட்கள் வரப்பு மூலைகளில் நிற்பதில்லை, வயலின் நடுவில் நிற்கின்றன. வயலுக்கு ஒரு முள். வாசலும் வேறு: இளநீரின் தலையைச் சீவியதுபோல் உச்சித் தகடுகளின் பகுதி முழுவதும் கழன்றுவிடும், விளிம்பு மட்டும் கோணல்மாணலாக நிற்கும். தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் முள்ளுருண்டைகள்தாம். வாசலையும் வரப்பையும் படிக்கத் தெரிந்த பிறகு, இரண்டையும் ஒரே பேரினத்தில் வைக்க யாருக்கும் தோன்றாது.

கல்லிலிருந்து கூட்டைப் பிரித்தெடுப்பது பொறுமை வேண்டிய வேலை. பாறைத் துண்டைக் கழுவி நொறுக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்பைக் கரைப்பார்கள். பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் சிலிக்கேட் கனிமங்களைக் கரைப்பார்கள். கண்ணாடியையே தின்னும் இந்த இரண்டாவது அமிலம் தோலில் பட்டால் உள்ளே ஊடுருவி உயிருக்கே ஆபத்தாகலாம். உரிய புகைப்போக்கியும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது. பாறையைக் கரைக்கும் அந்த அமிலத்துக்கும் டைனோஸ்போரின் சுவர் கரைவதில்லை. எஞ்சிய கரிமத் துகள்களைப் பெரும்பாலும் பத்து மைக்ரான் அளவுள்ள நுண்வலையில் சலித்து, கிளிசரின் ஜெல்லியில் பதித்து, கண்ணாடித் தகட்டில் மூடிவைப்பார்கள்.

நுண்ணோக்கியில் தொடக்கநிலையினர் அதிகம் தவறுவது திசையில். கூடு ஒளி ஊடுருவக்கூடியது. முதுகுப் பக்கம் மேலே இருக்குமாறு கிடந்தாலும், குவியத்தைக் கீழே இறக்கினால் அதே கூட்டின் வயிற்றுப் பக்கம் தெரியும். அப்படித் தெரிவது உள்ளிருந்து பார்க்கும் காட்சி. கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டிய எழுத்தைக் கடைக்குள் இருந்து படித்தால் இடவலம் மாறித் தெரியுமே, அதே கதைதான். கோனியாலக்ஸ் சாயலுள்ளவற்றில் அரைப்பள்ளத்தின் இரு முனைகளும் சாலில் வந்து சேரும்போது ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. செல்லின் இடப்பக்க முனை உச்சியை நோக்கி உயர்ந்தும், வலப்பக்க முனை தாழ்ந்தும் இருக்கும். கண்ணாடிக் காட்சியை நேர்க்காட்சி என்று எண்ணி வரைந்தால் இது தலைகீழாகி, தகட்டு எண்களும் பிசகிவிடும். ஆகவே முதலில் வாசலைக் கண்டுபிடித்து அந்தப் பக்கம் முதுகு என்று நிலைநாட்டி, அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு, அதன் பிறகே முட்களை எண்ணத் தொடங்குவது நல்லது.

இவ்வளவும் பார்த்தபின் விவரணை எழுதலாம். புதிய சிற்றினத்துக்கு இரண்டு தனித்தனிப் பத்திகள் எழுதுவது வழக்கம். முதலாவது, இதை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் பண்புகளை மட்டும் சொல்லும் இலக்கணம். மற்றது, பார்த்த எல்லாவற்றையும் பதியும் விரிவுரை. இரண்டையும் குழப்பிக்கொள்வது பழைய கட்டுரைகளில்கூடக் காணப்படும் குறை. ஸ்பினிஃபெரைட்டெஸ் ராமோசஸின் விரிவுரை எளிய தமிழில் ஏறத்தாழ இப்படி அமையும்: கூட்டின் உடல் கோளம் முதல் நீள்கோளம் வரை, சுவர் இரண்டடுக்கு, முட்கள் எழும் இடங்களில் மட்டும் அடுக்குகள் விலகும், பரப்பு வழவழப்பானது அல்லது நுண்மணிகள் கொண்டது, தகட்டெல்லைகள் தாழ்ந்த வரப்புகளாகத் தெரியும், முட்கள் பெரும்பாலும் வரப்பு மூலைகளில், நுனி மூன்றாகப் பிரிந்து ஒவ்வொரு கிளையும் இரண்டாகக் கவட்டையிடும், வாசல் 3″, மூடி தனியாகப் பெயர்ந்து விழும். இதற்குப் பிறகு எத்தனை மாதிரிகள் அளக்கப்பட்டன, உடலின் நீள அகலம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, முள்ளின் நீளம் எவ்வளவு என்பன வர வேண்டும். முள்ளின் நீளத்துக்கும் உடலின் குறுக்களவுக்கும் உள்ள விகிதத்தைச் சொல்வதும் பயன்தரும். முட்கள் நீண்டு நிற்பவற்றைக் கோரேட் வகை என்றும், கவசத்தோடு ஒட்டியே உருவானதால் முட்கள் இல்லாமலோ மிகக் குட்டையாகவோ இருப்பவற்றைப் பிராக்சிமேட் வகை என்றும் பிரிப்பது இந்த விகிதத்தை வைத்துத்தான்.

அடுத்தது மூல மாதிரி. சிற்றினத்தின் பெயர் கடைசியில் ஒரேயொரு கூட்டோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. அதை ஹோலோடைப் என்பார்கள். அது எந்தக் கண்ணாடித் தகட்டில், எந்த ஆய எண்களில், எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று எழுதியாக வேண்டும். ஆயிரக்கணக்கான துகள்கள் கிடக்கும் தகட்டில் ஆய எண் இல்லாமல் அந்த ஒன்றை இன்னொருவர் கண்டுபிடிப்பது நடக்காது. டைனோஃபிளாஜெல்லேட் புதைபடிவங்களின் பெயர்கள் பாசிகள், பூஞ்சைகள், தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பின்கீழ் வருகின்றன. அதன்படி 1958 முதல் மூல மாதிரியைக் குறிப்பிடாத புதிய சிற்றினப் பெயர் செல்லாது. புதைபடிவத்துக்குப் படமும் கட்டாயம். 1996 முதல் விவரணை லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். ஏரன்பெர்க் போன்றோர் மூல மாதிரி என்ற எண்ணமே இல்லாமல் எழுதியவர்கள் என்பதால், அத்தகைய பழைய பெயர்களுக்குப் பின்வந்தவர்கள் அவர்கள் விட்டுச்சென்ற படங்களிலிருந்தும் மாதிரிகளிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்து நிலைநிறுத்துவார்கள்.

பெயரின் பின்னால் வரும் அடைப்புக்குறி ஒரு சிறிய வரலாற்று நூல். ஸ்பினிஃபெரைட்டெஸ் ராமோசஸ் (ஏரன்பெர்க்) மான்டெல் என்று எழுதினால், சிற்றினத்தை முதலில் விவரித்தவர் ஏரன்பெர்க், அதை இந்தப் பேரினத்துக்கு மாற்றியவர் மான்டெல் என்று பொருள். முந்தியதே வெல்லும் என்பது விதித்தொகுப்பின் அடிப்படை. ஆகவேதான், உலகமெங்கும் பழகிப்போயிருந்த வெட்செலின் ஹிஸ்டிரிகோஸ்ஃபேரா 1970-இல் வில்லியம் சார்ஜென்ட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஒதுங்கி, எண்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்த மான்டெலின் பெயர் அரியணை ஏறியது. முள்ளம்பன்றி உருண்டை என்ற பெயர் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அழகு இந்த வழக்கில் சாட்சியாகாது.

இன்னொரு சிக்கல் இத்துறைக்கே உரியது. ஒரே உயிரிக்கு நீந்தும் நிலையில் ஒரு பெயரும் கூட்டு நிலையில் வேறு பெயரும் இருக்கின்றன. புரோட்டோசெராட்டியம் ரெட்டிகுலேட்டம் என்ற வாழும் உயிரி கட்டும் கூடு, புதைபடிவ ஆய்வாளருக்கு ஓப்பர்குலோடினியம் சென்ட்ரோகார்பம். ஒன்றை நீக்கிவிட்டால் எளிதாகுமே என்று தோன்றலாம். ஆனால் வாழும் கோனியாலக்ஸின் பல சிற்றினங்கள் ஸ்பினிஃபெரைட்டெஸ் சாயலுள்ள கூடுகளைக் கட்டுகின்றன; கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய கூட்டிலிருந்து எது நீந்தி வெளியேறியது என்று யாரும் பார்க்கவில்லை. அதனால் இரட்டைப் பெயரைப் பொறுத்துக்கொள்வதே நேர்மையான வழி என்று நினைக்கிறேன். விதித்தொகுப்பும் அதற்கு இடம் தருகிறது.

முட்களை ஏன் முழுவதும் நம்பக் கூடாது என்பதற்கு இன்றைய கடலே சாட்சி. லிங்குலோடினியம் மகேரோஃபோரம் என்ற கூட்டின் பெயருக்குக் 'கத்தி தாங்கியது' என்று பொருள். இந்தக் கத்திகளின் நீளம் நீரின் உப்புத்தன்மையையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறுகிறது என்பதைக் கென்னத் மெர்டென்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் பல கடல்களின் மேற்பரப்புச் சேற்றை அளந்து காட்டினார்கள். உப்புக் குறைந்த நீரில் முட்கள் குட்டையாகின்றன. கருங்கடலின் அடிச்சேற்றிலிருந்து 1973-இல் விவரிக்கப்பட்ட ஸ்பினிஃபெரைட்டெஸ் குரூசிஃபார்மிஸ் இன்னும் பிடிகொடுக்காதது: உடல் சிலுவை வடிவம் முதல் நீள்வட்டம் வரை, முட்களும் அவற்றை இணைக்கும் சவ்வுகளும் ஒன்றில் உயர்ந்தும் ஒன்றில் கிட்டத்தட்ட இல்லாமலும் இருக்கும். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் சூட்டினால், நீரின் உப்பளவைச் சிற்றினமாக எண்ணிக்கொண்டிருப்போம். நாலைந்து மாதிரிகளை மட்டும் பார்த்துப் புதுப்பெயர் சூட்டும் அவசரத்தை அதனால்தான் குறை சொல்கிறோம்; குறைந்தது சில பத்து மாதிரிகளை அளந்து, இடைப்பட்ட வடிவங்கள் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே பிரிக்க வேண்டும்.

வாசல் அந்த அளவுக்கு மாறுவதில்லை; ஆகவே பேரினத்துக்கு மேலான வகைப்பாடு தகட்டமைப்பையும் வாசலையும் பெரிதும் நம்பியிருக்கிறது. நம் சிற்றினம் கோனியாலக்கேலீஸ் வரிசையில், கோனியாலக்கேசியே குடும்பத்தில் சேர்கிறது. பெரிடினியேலீஸ் வரிசையின் பல கூடுகளிலோ உச்சித் தகடுகளுக்கும் அரைப்பள்ளத்தை ஒட்டிய தகடுகளுக்கும் நடுவே செருகிய தகடு ஒன்று வாசலாகத் திறக்கும். ஏறத்தாழ 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் புவி திடீரென வெப்பமடைந்த காலத்தைக் காட்டிக்கொடுக்கும் அப்பெக்டோடினியம் அகஸ்டம் அத்தகையது. 2015-இல் அது சேர்ந்த துணைக்குடும்பத்தையே வாசலின் வடிவத்தை முதன்மையாகக் கொண்டு மறுவகைப்படுத்திய ஆய்வு, அதை ஆக்சியோடினியம் என்ற புதிய பேரினத்துக்கு மாற்றியது. எல்லாரும் இதை ஏற்கவில்லை; வாசலின் நுண்ணிய வடிவ வேறுபாட்டுக்கு இவ்வளவு எடை தரலாமா என்ற வாதம் எழுந்தது, பழைய பெயரையே எழுதுவோரும் இருக்கிறார்கள்.

வாசலே தெரியாத முள்ளுருண்டைகளை என்ன செய்வது? எவிட்டே 1963-இல் அதற்கு ஒரு வழி செய்தார். டைனோஃபிளாஜெல்லேட் என்பதற்குச் சான்றில்லாத கரிமச் சுவர் நுண்படிவங்களுக்கு அக்ரிடார்க் என்று பெயரிட்டார். 'மூலம் தெரியாதது' என்பதே அதன் கருத்து. அது உறவுமுறை சொல்லும் குழு அன்று, தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டவற்றின் கோப்பு. திருச்சிக்கு அருகிலுள்ள கல்லக்குடியின் கிரேடேசியஸ் சாம்பல்நிறக் களிப்பாறையிலிருந்து இந்தக் கூடுகளை விவரித்து, கே. பி. ஜெயின் 1970-களில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே டைனோஃபிளாஜெல்லேட்டுகளும் அக்ரிடார்க்குகளும் தனித்தனிச் சொற்களாக நிற்கின்றன. பாறையின் பெயர் அதில் டால்மியாபுரம் என்றே இருக்கிறது; அந்த ஊர்ப்பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி 1953-இல் தண்டவாளத்தில் தலைவைத்துப் போராடினார்கள், ஆனால் நிலவியலாளரின் பட்டியலில் முதலில் ஏறிய பெயர் இன்னும் இறங்கவில்லை. ஒரே களிப்பாறை, ஒரே அமிலம், ஒரே கண்ணாடித் தகடு. அதில் கிடந்த ஒரு கூடு தலைப்பின் முதற்சொல்லுக்குள் போவதா இரண்டாவதற்குள் போவதா என்பதை முடிவுசெய்தது, அதில் தகட்டுக் கோடோ திறந்த வாசலோ கண்ணுக்குத் தெரிந்ததா என்பதுதான்.